குற்றவியல் படிக்கப் போகிறீர்களா? முதலில் நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது உட்காருங்கள்

சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களின் பட்டப்படிப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ‘குற்றவியல் நீதி’ என்ற பெயரைத் தேடுகிறவர் சீக்கிரம் களைத்துப்போவார். சட்டம், சமூகவியல், உளவியல், சமூகப்பணி, தடய அறிவியல், பொதுப் பாதுகாப்பு என்று வேறு வேறு பெயர்ப்பலகைகள்தான் கண்ணில் படும். படிப்பு இல்லாமல் இல்லை. ஒரே கடையில் கிடைப்பதில்லை. நாலு கடை ஏறி இறங்கி வாங்கவேண்டிய சாமான் இது. எது வேண்டும் என்று தெரியாமல் கடைக்குப் போனால் பை நிறையும், சமையல் ஆகாது.

நான் 31 வயதில், பகலில் அலுவலகம், மாலையில் வகுப்பு என்று இந்தப் படிப்பில் இறங்கினேன். அப்போது நான் செய்த தவறுகளின் வரிசையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் கிடைப்பதே கீழே உள்ள வழிமுறை.

முதல் வேலை: ஒரு பையனின் பின்னால் நடந்து பாருங்கள்

“போலீஸ் ஆகப் போகிறாயா, வக்கீல் ஆகப் போகிறாயா?” என்று மாமாக்கள் கேட்பார்கள். கேள்வியில் தவறில்லை, இரண்டே இரண்டு வேலைகள்தான் இருக்கின்றன என்று அது நினைத்துக்கொள்வதுதான் தவறு. எத்தனை பேர் இந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று அறிய, ஒரு வழக்கை மனத்துக்குள் நடத்திப் பாருங்கள்.

ஈசூனில் 19 வயதுப் பையன் ஒருவன். டெலிகிராமில் யாரோ சில நூறு வெள்ளி தருவதாகச் சொல்ல, தன் வங்கிக் கணக்கையும், அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் விவரங்களையும் கொடுத்துவிடுகிறான். அந்தக் கணக்கின் வழியாக ஒரு மூதாட்டியின் சேமிப்பு போய்விடுகிறது. 2023ல் நாடாளுமன்றம் திருத்திய சட்டங்களால், “எனக்கு எதுவும் தெரியாது” என்ற பதில் இப்போது முன்புபோல் எடுபடுவதில்லை.

முதலில் அவனைச் சந்திப்பவர் போலீஸ் விசாரணை அதிகாரி. பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்று பிடிக்க, கணினியும் கணக்கியலும் தெரிந்த ஒருவர் வேண்டும். விசாரணைக் கோப்பு தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்குப் போகிறது. வழக்குத் தொடுப்பதா, எச்சரித்து விடுவதா என்று அங்கே அரசுத் தரப்பு வழக்கறிஞர் யோசிக்கிறார். பையனுக்கு வழக்கறிஞரை அமர்த்தப் பணம் இல்லை என்றால், 2022 டிசம்பரில் தொடங்கப்பட்ட பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் இருக்கிறது. இலவசச் சட்ட உதவித் திட்டங்களும் இருக்கின்றன. குற்றத்தை அவன் ஒப்புக்கொண்ட பிறகு, நீதிபதி உடனே தண்டனை சொல்லாமல் அறிக்கை கேட்கலாம். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் நன்னடத்தை அதிகாரி பையனின் வீட்டுக்குப் போவார், அம்மாவிடம் பேசுவார், பள்ளியிலோ வேலையிடத்திலோ விசாரிப்பார், நன்னடத்தைக் கண்காணிப்புக்கு அவன் தகுதியானவனா என்று எழுதுவார். 16 வயதாகி, 21 வயதை எட்டாதவர்களுக்குச் சீர்திருத்தப் பயிற்சி நிலையம் என்ற இன்னொரு வழியும் உண்டு. அங்கே போனால் சிறை அதிகாரியும் உளவியலாளரும் வருவார்கள். வெளியே வந்தால் வேலை தேடிக் கொடுப்பவர் ஒருவர்.

எண்ணிப் பாருங்கள். ஒரே பையனைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர். ஒவ்வொருவரும் படித்தது வெவ்வேறு பாடம். இந்தப் பாதையில் எந்த இடத்தில் நிற்க உங்களுக்கு மனம் இருக்கிறது? பிடிப்பவராகவா, வாதாடுபவராகவா, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசுபவராகவா, ஏன் இப்படி நடக்கிறது என்று எண்களை வைத்து ஆராய்பவராகவா? அதைத் தீர்மானித்தால் படிப்பின் பெயர் தானாகக் கிடைத்துவிடும். இது தெரியாமல் நான் ஓராண்டை வீணாக்கினேன்.

இரண்டாவது: ஹேவ்லாக் சதுக்கத்துக்குப் போங்கள்

பணம் கட்டுவதற்கு முன்பே செய்யவேண்டியது இது. செலவு, போக்குவரத்துக் கட்டணம் மட்டும்.

அரசு நீதிமன்றங்கள் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கின்றன. சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடலாம். பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் யாரும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. இளையர் நீதிமன்றத்துக்கு அது பொருந்தாது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் சாட்சியம் சொல்லும்போதும் கதவு மூடப்படலாம். அன்றைய விசாரணைப் பட்டியலை நீதித்துறையின் இணையத்தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாசலில் விமான நிலையத்தைப் போலப் பையைச் சோதிப்பார்கள். அரைக்கால் சட்டையும் செருப்பும் வேண்டாம். உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் நீதிபதி இருக்கும் திசை நோக்கித் தலை வணங்குவது மரபு. படம் எடுக்கக்கூடாது, ஒலிப்பதிவு செய்யக்கூடாது. கைப்பேசியை அதிர்வில் வைப்பது போதாது, அணைத்துவிடுங்கள். என் கைப்பேசி மர இருக்கையில் அதிர்ந்த சத்தம் தவில் அடித்ததுபோல் கேட்டது. அந்த நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை.

முதல் நாள், குற்றச்சாட்டுகளை வாசிக்கும் நீதிமன்றத்தில் உட்காருங்கள். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று பார்த்தால் திகைத்துப்போவீர்கள். தொலைக்காட்சித் தொடர்களில் வரும் வீர வசனம் எதுவும் இருக்காது. தேதி தள்ளிவைப்பு, பிணை, மொழிபெயர்ப்பாளர், அடுத்த வழக்கு. ஜூரி எனப்படும் பன்னிரண்டு நடுவர்களையும் தேடாதீர்கள். சிங்கப்பூரில் நடுவர் முறை 1970லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. உண்மை எது, சட்டம் எது, தண்டனை எவ்வளவு, மூன்றையும் முடிவு செய்பவர் நீதிபதி.

இரண்டாம் நாள், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வழக்கு ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். படிப்புக்கு அதுதான் தீனி. சம்பவ விவரம் வாசிக்கப்படும். அரசுத் தரப்பு இவ்வளவு தண்டனை வேண்டும் என்று கேட்கும். தற்காப்பு வழக்கறிஞர் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் காரணங்களை அடுக்குவார்: முதல் குற்றம், பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், வயதான தாய். பிறகு நீதிபதி சொல்லும் சொற்களில் நான்கு எண்ணங்கள் மாறி மாறி வருவதைக் கவனியுங்கள்: குற்றத்துக்கு ஏற்ற தண்டனை, மற்றவர்களுக்கு அச்சம், சமூகத்தின் பாதுகாப்பு, தவறியவருக்கு மறுவாழ்வு. எந்த வழக்கில் எது மேலே வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்த நோட்டு பின்னால் உதவும்.

மூன்று நாள் உட்கார்ந்தும் சலிப்பு மட்டுமே வந்தால் வேறு படிப்பைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது: சட்டத்தை மூலத்திலேயே வாசியுங்கள்

ஏமாற்றுக்காரனை ‘ஃபோர் ட்வென்டி’ என்று திட்டும் வழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் அந்தச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. ஏமாற்றுக் குற்றம் அங்கே 318ஆம் பிரிவுக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூரில் 420 இன்னும் 420தான். இந்தியச் சட்டத்தை அடியொற்றி 1871ல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டத் தொகுப்பு இங்கே பலமுறை திருத்தப்பட்டும் பழைய எண்களை விடவில்லை. தாய்வீட்டில் மாறிவிட்ட வழக்கத்தைப் புகுந்த வீட்டில் காப்பாற்றுவதுபோல. கொலைக்குத் தண்டனை சொல்லும் பிரிவு இன்றும் 302, திருட்டுக்கு 379.

சிங்கப்பூரின் எல்லாச் சட்டங்களும் தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளையும் இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். 299, 300 ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் செலவழியுங்கள். மரணம் விளைவித்தல் எப்போது கொலை ஆகிறது, எப்போது ஆகவில்லை என்ற நூலிழை வேறுபாடு அங்கே இருக்கிறது. ஒவ்வொரு பிரிவின் கீழும் சிறுகதைபோல் எடுத்துக்காட்டுகள் வரும். அவற்றில் பெரும்பாலும் ‘ஏ’ என்பவர் ஏதாவது செய்துவிடுவார், ‘இசட்’ என்பவர் பாவம் அடிபடுவார். நூற்றைம்பது ஆண்டுகளாக இசட்டுக்கு விடிவு இல்லை.

போதைப்பொருள் சட்டத்தையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயினைக் கடத்தினால் மரண தண்டனை என்பது எல்லாருக்கும் தெரியும். 2013 முதல் நடப்பில் உள்ள 33பி பிரிவு, வெறும் சுமந்து செல்பவராக மட்டும் இருந்த ஒருவருக்கு எந்த நிபந்தனைகளின் பேரில் ஆயுள் தண்டனை கிடைக்கலாம் என்று சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வகுப்பில் இந்த விவாதம் கட்டாயம் வரும். ஆதரிப்பதோ எதிர்ப்பதோ உங்கள் விருப்பம். பிரிவை வாசித்துவிட்டுச் செய்யுங்கள்.

நான்காவது: இடமும் பணமும்

வழக்கறிஞராக வேண்டுமென்றால் சட்டப் பட்டம்தான், வேறு குறுக்குவழி கிடையாது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், 2007ல் சட்டப்பள்ளி தொடங்கிய சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம், 2017ல் முதல் சட்ட மாணவர்களைச் சேர்த்த சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்று மூன்று இடங்கள் உள்ளன. மூன்றாவது இடம் குற்றவியல் சட்டத்துக்கும் குடும்பச் சட்டத்துக்கும் முதலிடம் கொடுப்பது. வேறு வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களையும் வரவேற்பது. முப்பது வயதைத் தாண்டியவர்கள் முதலில் அங்கே பாருங்கள் என்பேன்.

வெளிநாட்டில் சட்டம் படித்துவிட்டு இங்கே தொழில் செய்ய நினைப்பவர்கள், அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பார்க்காமல் விமான டிக்கெட் எடுக்கவேண்டாம். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் அதில் 19 இருந்தன. 2016ல் 11 ஆகக் குறைக்கப்பட்டன.

நன்னடத்தை அதிகாரி, சிறைச்சாலை மறுவாழ்வுப் பணி போன்றவற்றில் மனம் உள்ளவர்களுக்குச் சமூகப்பணியும் உளவியலும் பொருந்தும். ஆராய்ச்சி என்றால் சமூகவியல். ஆய்வகம் பிடிக்கும் என்றால் வேதியியலோ உயிரியலோ எடுத்துக்கொண்டு தடய அறிவியலைச் சேர்த்துப் படிக்கலாம். பட்டதாரியாகப் போலீஸ் படையில் சேர எந்தத் துறைப் பட்டமும் தடையில்லை. அதற்காகவே குற்றவியல் படிக்கவேண்டும் என்பது இல்லை. இது தெரிந்தால் பாதிப் பேர் வேறு படிப்புக்குப் போய்விடுவார்கள். போகட்டும்.

தனியார் கல்வி நிலையங்கள் வழியாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் பெறுவதும் ஒரு வழி. பட்டம் வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அந்தப் படிப்பு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் அமைப்பிடம் பதிவாகியிருக்கிறதா, நீங்கள் கட்டும் பணத்துக்குக் கட்டணப் பாதுகாப்பு உண்டா என்று மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். நான் ஓரிடத்தில், “இன்றைக்கே சேர்ந்தால் தள்ளுபடி” என்ற இனிமையான குரலை நம்பி முன்பணம் கட்டினேன். நான் நினைத்த பாடங்களில் பாதி அந்த ஆண்டு நடக்கவே இல்லை. முன்பணம் திரும்பி வரவில்லை. ஒப்பந்தத்தின் நாலாம் பக்கத்தில் சின்ன எழுத்தில் எல்லாம் இருந்தது. வாசிக்காதது என் தவறு. சட்டம் படிக்கப் போனவன் ஒப்பந்தத்தை வாசிக்கவில்லை என்று என் மனைவி இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்.

தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியம் உண்டு. மானியத்துக்குப் பிந்திய கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கல்விக் கட்டணக் கடன் கிடைக்கும். முழுநேர மானியப் படிப்புக்குப் பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அது வட்டியுடன் திருப்பிக் கட்டவேண்டிய கடன், அப்பாவின் ஓய்வுக்காலச் சோறு என்பதை நினைவில் வையுங்கள். வசதி குறைந்த குடும்பங்கள் இந்தியச் சமூக மேம்பாட்டு அமைப்பான சிண்டாவின் உதவி நிதி பற்றி விசாரிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வரும் மாணவர்கள் மானியம் பெற்றால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் இங்கே வேலை செய்யும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவேண்டும். போலீஸ், சிறைத்துறைச் சீருடை வேலைகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே என்பதையும் கணக்கில் கொண்டு, ஊர் திரும்பினாலும் கைகொடுக்கும் பாடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சட்டப்பள்ளிகள் நேர்முகத் தேர்வு வைக்கும். “சிறுவயதிலிருந்தே நீதிமீது எனக்குப் பற்று” என்று தொடங்குகிறவர்கள் நிறையப் பேர். நீங்கள் அந்த நீதிமன்ற நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே ஒரு வழக்கு, அதில் புரியாமல் போன ஒரு விஷயம், அதைச் சொல்லுங்கள்.

ஐந்தாவது: முதல் ஆண்டில் எது வலிக்கும்

புள்ளியியல் வலிக்கும். கொலையும் கொள்ளையும் பற்றிப் படிக்க வந்தவர்களை எக்செல் கட்டங்களுக்குள் உட்காரவைத்தால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இங்கே தப்பிக்க முடியாது. 2024ல் சிங்கப்பூரில் மோசடிகளால் மக்கள் இழந்தது குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி என்று போலீஸ் அறிவித்தது. செய்தி வாசிப்பவர் “அடேயப்பா” என்பார். நீங்கள் கேட்கவேண்டியது வேறு: மோசடி கூடியதா, புகார் செய்பவர்கள் கூடினார்களா? வெட்கத்தால் வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர்? சில பெரிய இழப்புகள் மொத்தத் தொகையை ஏற்றிவிட்டனவா? இந்தக் கேள்விகள் தாமாக வரத் தொடங்கும்போது புள்ளியியல் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

கோட்பாடுகளைப் பார்த்து மிரள வேண்டாம். 1979ல் கோஹன், ஃபெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னது எளிது: குற்றம் செய்ய மனமுள்ளவன், அவனுக்கு ஏற்ற இலக்கு, தடுக்க ஆள் இல்லாமை, மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடினால் குற்றம். உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பூட்டாமல் நிற்கும் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா வைத்தால் மூன்றில் எதைத் தொடுகிறோம்? பூட்டு போட்டால் எதை? இந்தப் பயிற்சியை லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதே செய்யலாம்.

தமிழ் மாணவர்களுக்கென்றே ஒரு சோதனை வரும்: லிட்டில் இந்தியா கலவரம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ்கோர்ஸ் சாலையில் இந்திய ஊழியர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார், கூட்டம் கொந்தளித்தது. 2014ல் விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தது. விபத்தும், மீட்புப் பணியாளர்களைக் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும், மதுவும் காரணங்கள். வேலை, தங்குமிட நிலைமைகள் மீதான மனக்குறை காரணம் அல்ல என்றது குழு. அதை ஏற்காத ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் உண்டு. 2015ல் வந்த சட்டப்படி இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடங்களில் மது அருந்தக்கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு இன்னும் கூடுதல். 25 பேர் மீது வழக்கு. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வழக்கு இல்லாமலே நாடு திருப்பி அனுப்பப்பட்டனர்.

வகுப்பில் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். லிட்டில் இந்தியா, அதாவது தேக்கா, நம் ஊர். அந்த மொழி நம் மொழி. கோபமாகவோ கூச்சமாகவோ இருக்கும். என் முதல் கட்டுரையை நான் கோபத்தில் எழுதினேன்; மதிப்பெண் சுமார்தான். ஆசிரியர் ஓரத்தில் ‘யார் முடிவு செய்தார்கள்?’ என்று மட்டும் கிறுக்கியிருந்தார். இரண்டு நாள் கழித்தே புரிந்தது. வழக்குக்குப் போனவர்களின் முடிவை நீதிபதி எடுத்தார், மேல்முறையீடு உண்டு. திருப்பி அனுப்பப்பட்டவர்களின் முடிவை நிர்வாகம் எடுத்தது. அந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு திரும்ப எழுதினேன். கோபம் குறையவில்லை, கட்டுரை தேறியது.

ஆறாவது: களத்துக்குப் போகும்போது

இரண்டாம் ஆண்டுக்குள் ஏதாவது ஓர் இடத்தில் தொண்டூழியம் தொடங்கிவிடுங்கள். சிறைத்துறை தொண்டூழியர்களைச் சேர்க்கிறது. முன்னாள் கைதிகளுக்கு இரண்டாம் வாய்ப்பு கேட்டு 2004ல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டத்திலும் இடம் உண்டு. 1990களின் பிற்பகுதியில் விடுதலையானவர்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் இரண்டாண்டுக்குள் மீண்டும் உள்ளே வந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. ஏன் குறைந்தது என்பதைப் புத்தகத்தைவிட அங்கே தெரிந்துகொள்ளலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிச் சமூக ஊடகத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள்; நீதிமன்ற அவமதிப்புக்கென்று 2016ல் இயற்றப்பட்ட தனிச் சட்டமே இருக்கிறது. உள்துறை சார்ந்த வேலைகளுக்குப் பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. சித்தப்பா ஒருவர் சிறையில் இருந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். சித்தப்பாவைவிடப் பொய்தான் உங்களைக் கவிழ்க்கும்.

கடைசியாக, தமிழில் ஒரு சொற்பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ் முரசில் வரும் நீதிமன்றச் செய்திகளிலிருந்து எடுத்தால் போதும்: பிணை, நன்னடத்தைக் கண்காணிப்பு, பிரம்படி, தண்டனைக் குறைப்பு, மேல்முறையீடு. படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் நடப்பதால் இது தேவையில்லை என்று தோன்றும். நோட்டும் கையுமாக நான் நீதிமன்ற வராந்தாவில் நின்ற இரண்டாம் நாள், சேலை கட்டிய அம்மா ஒருவர் என்னை ஏதோ அதிகாரி என்று நினைத்துக்கொண்டு அருகில் வந்து, “தம்பி, அறிக்கை கேட்டிருக்கிறார்கள் என்றால் பையன் இன்றைக்கு வீட்டுக்கு வருவானா, மாட்டானா?” என்று கேட்டார். எனக்கு ஆங்கிலத்தில் பதில் தெரியும். தமிழில் சொல்லத் தொடங்கி, இரண்டு சொல்லுக்கு மேல் ஓடவில்லை. வழக்கறிஞரைத் தேடி அழைத்து வந்தேன். அன்றிரவு பட்டியலின் முதல் பக்கத்தை எழுதினேன்.